பெயர்த்து நட்ட வீடுகளில் பேய் தேடிய ஒரு நாள்: செயின்ட் ஃபேகன்ஸ் நிகழ்வு ஆய்வு

சாந்தி அக்காவின் கையிலிருந்த கே2 மின்காந்த மீட்டரில் மூன்றாவது விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1805-ஆம் ஆண்டைக் காட்டும் ஓர் இரும்புத் தொழிலாளர் வீட்டின் கீழறை. கண்ணுக்குத் தெரிய மின்விளக்கு இல்லை, சுவிட்ச் இல்லை, கம்பி இல்லை. நவம்பர் மாதம், பிற்பகல் மூன்றரை மணி. வேல்ஸில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும்.

"தம்பி, இங்கே கரன்ட்டே இல்லையே. அப்புறம் இது எதுக்கு எரியுது?"

அக்கா பயந்தவராகக் கேட்கவில்லை. இருபது வருடம் மருத்துவமனையில் இரவுப்பணி பார்த்த செவிலியர் அவர். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த தர்க்கம்தான் இந்த ஆய்வு முழுவதற்கும் விதை. மின்சாரம் இல்லாத காலத்து வீடு, ஆகவே மின்சாரம் இல்லாத வீடு, ஆகவே மீட்டரை அசைத்தது வேறு ஏதோ ஒன்று. மூன்று படிகளில் முதல் படியிலிருந்து இரண்டாவதற்குத் தாவுகிற இடத்தில்தான் கால் வழுக்குகிறது. அந்த வீடு 1805-ஐக் காட்டுகிறது. 1805-இல் இல்லை.

இடமும் ஆட்களும்

கார்டிஃப் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது செயின்ட் ஃபேகன்ஸ் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். பிளிமத் பிரபு குடும்பம் கொடுத்த மாளிகையிலும் நிலத்திலும் 1948-இல் திறக்கப்பட்டது. யோர்வெர்த் பீட் என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் ஸ்வீடனின் ஸ்கான்சென்னை மனத்தில் வைத்து இதை வளர்த்தார். 1891-இல் ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென்தான் இந்த வகைத் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கெல்லாம் தாய்வீடு. அழியப்போகும் கட்டடத்தை அளந்து, படம் வரைந்து, கல்லுக்கும் உத்தரத்துக்கும் எண் எழுதி, பிரித்து, வண்டியில் ஏற்றி, வேறிடத்தில் திரும்ப எழுப்புவார்கள். வேல்ஸின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இப்படி வந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இங்கே மரங்களுக்கிடையே நிற்கின்றன. பண்ணை வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம், தோல் பதனிடும் கொட்டகை, சேவல் சண்டைக் கூடம், தொழிலாளர் மன்றம், கடை.

அமானுஷ்யம் தேடுகிறவர்களுக்கு இந்த வகை இடங்கள்மேல் தனி ஈர்ப்பு உண்டு. ஒரே நாளில் ஐந்து நூற்றாண்டு வீடுகளுக்குள் போய்வரலாம் என்பதே காரணம். அக்டோபர் முடிவில் பல அருங்காட்சியகங்கள் தாங்களே ஹாலோவீன் இரவுகள் நடத்துகின்றன. நாங்கள் போனது இரவில் அல்ல. திறப்பு நேரத்தில், எல்லாப் பார்வையாளர்களையும் போல, சட்டைப்பையில் அடங்கும் கருவிகளோடு மட்டும் போனோம். இருட்டு அளவீட்டுக்கு உதவுவதில்லை, அளப்பவரின் நெஞ்சை மட்டும் படபடக்க வைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

குழுவில் நான்கு பேர். கட்டடங்களின் காற்றோட்டத்தையும் மின்தடங்களையும் சோதிப்பது என் வேலை. பேய் தேடுவது ஏழெட்டு வருடப் பழக்கம். சாந்தி அக்கா நாகர்கோவில்காரர், நாற்பது வயதுக்கு மேல் இங்கே வந்தவர். ரவி பல்கலைக்கழக மாணவன், அவன்தான் ஒலிப்பதிவுப் பொறுப்பு. நான்காமவர் மெர்தர் டிட்வில் நகரில் பிறந்து வளர்ந்த என் சக ஊழியர். அவருக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, ஆனால் மீட்டர் எரிந்த அந்த இரும்புத் தொழிலாளர் வீட்டு வரிசை அவர் ஊரிலிருந்து வந்தது.

ஏன் பெயர்த்த வீடு

சாதாரணமாகப் பேய் வீடு என்று சொல்லப்படும் இடத்தில் நான்கு பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. நிலம், சுவர், இறந்தவர், கதை. ஒரு அறையில் யாருக்கோ மயிர்க்கூச்செறிந்தால் அதற்கு நான்கில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. பெயர்த்து நட்ட கட்டடத்தில் அந்த நான்கும் தாமாகப் பிரிந்துவிட்டன. சுவர் வந்துவிட்டது. நிலம் வரவில்லை. இறந்தவர்கள் பழைய ஊரின் கல்லறையில் இருக்கிறார்கள். கதையோ வாசலில் இருக்கும் பலகையில் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. வேறெந்த ஆய்வாளரும் பணம் செலவழித்துச் செய்யமுடியாத பரிசோதனையை அருங்காட்சியகத்தார் வேறொரு காரணத்துக்காக நமக்குச் செய்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் எங்களைப் போன்றவர்கள் இதைப் பயன்படுத்தாமல், இன்னொரு பேய் பங்களாவைப் பார்க்கிற மாதிரியே பார்த்துவிட்டு வந்தோம் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

அதனால் அன்று ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். நாங்கள் எதையாவது உணர்ந்தால், அது இந்த நான்கில் எதைப் பின்தொடர்ந்து வருகிறது?

மீட்டர்

முதலில் அந்த விளக்கை முடித்துவிடுகிறேன். கே2 மீட்டர் மின்காந்தப் புலத்தை அளக்கும் மலிவான கருவி. ஐந்து விளக்குகள். மூன்றாவது எரிந்தால் புலம் இரண்டரை முதல் பத்து மில்லிகாஸ் வரை என்று பொருள். வீட்டு மின்கம்பியில் கசிவு தேடுவதற்காக வந்த பொருள் இது. கைப்பேசி தன் கோபுரத்தைத் தேடிச் சிக்னல் அனுப்பிக் கூவும்போதும் இதன் விளக்குகள் துள்ளும்.

அக்காவின் கோட்டுப் பையில் கைப்பேசி இருந்தது. தடித்த கற்சுவருக்குள் சிக்னல் வலுவிழக்க, அது தன் சக்தியைக் கூட்டிக் கூவிக்கொண்டிருந்தது. வெளியே புல்வெளியில் பேசியை வைத்துவிட்டு வந்து அதே இடத்தில் கால்மணி நேரம் நின்றோம். துள்ளல் இல்லை. ஆனால் சுவரோரம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இரண்டாவது விளக்கு மட்டும் மங்காமல் நிலையாக எரிந்தது. மீட்டரைச் சுவரை ஒட்டி மெல்ல நகர்த்தினால் நேர்கோடாகப் போயிற்று. நேர்கோடாகப் போவது கம்பி. இத்தகைய வீடுகளுக்குத் தீ எச்சரிக்கையும் திருட்டு எச்சரிக்கையும் வேண்டும். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். கம்பி கண்ணில் பட்டால் காலம் கெட்டுவிடும் என்பதால் அருங்காட்சியகத்தார் அதைக் கவனமாக மறைக்கிறார்கள். பாழடைந்த பங்களாவில் மின்கம்பி துண்டிக்கப்பட்டிருக்கலாம். காட்சிக்கு வைத்த பழைய வீட்டிலோ மறைந்த மின்சாரம் இருப்பதுதான் இயல்பு. பெயர்த்த கட்டடங்களில் மின்காந்த அளவை எடுக்கும் எந்தக் குழுவும் இதைக் கேட்காமல் அறிக்கை எழுதக்கூடாது.

ஆறு கதவுகள், ஆறு ஆண்டுகள்

அந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

ரீட்-அ-கார். மெர்தர் டிட்வில்லில் கிரௌஷே குடும்பத்தின் சைஃபார்த்வா இரும்பாலைக்குக் கனிமம் வெட்டிய தொழிலாளிகளுக்காக 1795-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சிறு வீடுகள். 1979-இல் வெள்ளம் புகுந்து குடியிருக்க முடியாமல் போனது. ஆறு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து 1987-இல் இங்கே திறந்தார்கள். ஆறும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். உள்ளே மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டு. 1805, 1855, 1895, 1925, 1955, 1985. முதல் வீட்டில் மரப்பலகையும் மண்பாண்டமும். கடைசி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி. அந்தந்தக் காலத்துக்குப் பொருந்தும் தட்டுமுட்டுச் சாமான்களைச் சேர்த்து வைத்து அலங்கரித்திருக்கிறார்கள்.

சுவர் ஒன்று, வயது ஒன்று, உழைத்துச் செத்தவர்களின் வர்க்கம் ஒன்று, இப்போது நிற்கும் நிலமும் ஒன்று. மாறுவது பலகையில் எழுதிய ஆண்டு மட்டும்தான். இதைவிடச் சுத்தமான பரிசோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்?

எங்கள் நான்கு பேரின் குறிப்பேடுகளையும் பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். 1805, 1855 வீடுகளில் "கனமாக இருக்கிறது", "யாரோ மூலையில்", "குழந்தை நோய்" என்றெல்லாம் இருந்தது. என் கையெழுத்திலும் இருந்தது. 1895-இல் கருப்பு உடை உடுத்திய பெண்ணின் நினைவு இருவருக்கு. 1925-இல் ஒருவருக்குச் சோகம். 1955-இல் "பாட்டி வீட்டு வாசம்". 1985-இல் நான்கு பேருமே எதுவும் எழுதவில்லை. ரவி அங்கே ரெக்கார்டரை ஆன் செய்யவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அண்ணே, அங்க டி.வி. இருந்துச்சே" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளம் வந்து வீட்டை விட்டுப் போன கடைசிக் குடும்பங்கள் தொலைக்காட்சி பார்த்தவர்கள். உண்மையான இழப்பு நடந்தது அவர்களுக்கு. அந்தச் சுவர்களுக்குள் கடைசியாக மூச்சு விட்டதும் அழுததும் அவர்கள். ஏதாவது துயரம் சுவரில் ஊறி நிற்குமானால் அதுதான் மேல்படலமாக இருந்திருக்கவேண்டும். அதை நாங்கள் தேடவில்லை. கறுப்பு உடைப் பெண்ணைத் தேடினோம். ஏனென்றால் 1895 என்றால் கறுப்பு உடைப் பெண் என்று எங்கோ படித்திருக்கிறோம், பார்த்திருக்கிறோம்.

மெர்தர்க்காரர் அன்று அதிகம் பேசவில்லை. 1955 வீட்டின் வாசலில் மட்டும் சொன்னார்: தன் பாட்டியின் தெருவும் இப்படித்தான் இருந்ததாம், இந்த வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் தன் அப்பாவோடு பள்ளிக்குப் போயிருக்கலாமாம். பேய் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அவருக்கு அண்டைவீட்டார். அதன்பிறகு குழுவில் யாரும் அந்த வரிசையில் "இங்கே யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்கவில்லை.

நான்கு பேரின் குறிப்பு எதையும் நிரூபிக்காது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலகையைப் படித்தபின்தான் எழுதினோம். பலகையை மூடி, வரிசை தெரியாதவர்களை ஒவ்வொருவராக அனுப்பினால்தான் பரிசோதனை என்ற பெயருக்குத் தகும். ஆனால் எந்தப் பக்கம் தோண்டவேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடுகள் காட்டிவிட்டன.

கண்கள்

புனித டைலோ தேவாலயத்தில் நடந்ததை அக்காவே இப்படி எழுதச் சொன்னார்.

உள்ளே நுழைந்து இரண்டு நிமிடத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். "கை நடுங்குதா அக்கா?" என்றேன். "நடுக்கம் இல்ல தம்பி, குளிர்தான். ஆனா யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்க உள்ள. ஒருத்தர் இல்ல, நிறைய பேர்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தத் தேவாலயச் சுவர் முழுக்க ஓவியம். கிறிஸ்துவின் பாடுகள், குழந்தையைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்டபர், புனிதர்கள், வேதனை செய்பவர்கள். கறுப்புக் கோட்டில் தீட்டிய பெரிய கண்கள் எல்லாப் பக்கமும். சன்னல் சிறிது, வெளிச்சம் சாய்வாக விழுகிறது. மனித மூளை முகத்தையும் பார்வையையும் தேடிக்கொண்டே இருக்கும் உறுப்பு. ஓரக்கண்ணில் பத்துப் பதினைந்து ஜோடிக் கண்கள் பட்டால் உடம்பு அதற்குரிய மறுமொழியைக் கொடுத்துவிடும்.

இதன் பின்கதை அதைவிட ஆச்சரியம். இந்தக் கட்டடம் பொன்டார்துலைஸ் ஊருக்கு அருகே, லக்கர் ஆற்றங்கரைச் சதுப்பில் லான்டைலோ தாலபோன்ட் திருச்சபையாக இருந்தது. வழிபாடு நின்று, கூரை சிதைந்து கிடந்ததை 1980-களில் கல் கல்லாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். வெள்ளையடித்த படலங்களுக்குக் கீழே மத்தியகாலச் சுவரோவியங்கள் இருந்தன. அவற்றைப் பாதுகாப்பாகப் பெயர்த்து எடுத்து வைத்துவிட்டு, 1530-ஐ ஒட்டி இருந்த தோற்றத்துக்குக் கட்டடத்தை மீட்டெடுத்தார்கள். 2007-இல் திறந்தார்கள். இன்று சுவரில் நாம் பார்ப்பது பழைய முறையில், பழைய வகை வண்ணங்களில், இந்த நூற்றாண்டின் கலைஞர்கள் புதிதாகத் தீட்டியது. பலிபீடத்துக்கு முன்னுள்ள மரச் செதுக்குத் தட்டியும் புதிது.

அக்காவைப் பார்த்த கண்கள் ஐந்நூறு ஆண்டு பழையவை அல்ல. அவர் கைப்பேசியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவை. இதை அவரிடம் சொன்னபோது அவர் ஏமாந்ததாக நினைக்கவில்லை. "அப்படின்னா வரைஞ்சவன் நல்லா வரைஞ்சிருக்கான்" என்றார். எனக்கும் அதுதான் சரியான முடிவு என்று தோன்றுகிறது. 1530-இல் அந்தச் சுவர் என்ன செய்வதற்காகத் தீட்டப்பட்டதோ அதைத்தான் அது எங்களுக்கும் செய்தது.

கல் எதை நினைவில் வைக்கும்

எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி அடிபடுவது கல்நாடாக் கோட்பாடு. பேரதிர்ச்சியான நிகழ்ச்சியைச் சுவர்க்கல் ஒலிநாடாவைப் போலப் பதிவு செய்துகொண்டு, பிறகு ஏதோ ஒரு நிலையில் திரும்ப ஓட்டிக்காட்டுகிறது என்பது அதன் சாரம். 1972-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஒரு தொலைக்காட்சி நாடகத்திலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இயற்பியலில் இதற்கு இடமில்லை. படிகக்கல் காட்சியைப் பதிவு செய்யும் வழி எதுவும் அறியப்படவில்லை. ஆனாலும் ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொண்டு பார்ப்போம்.

வீட்டைப் பெயர்க்கும்போது என்னென்ன வருகிறது? கல் வரும். நல்ல உத்தரங்கள் வரும். உளுத்துப்போன அடிக்கட்டைகளும் முனைகளும் வராது, புது ஓக் மரத்தை ஒட்டவைப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து புதிது. பூச்சு புதிது. வெள்ளை புதிது. மண் தரை இங்கே உள்ள மண்ணால் மெழுகியது. வைக்கோல் கூரை சில பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பது. அறைக்குள் ஒருவர் அலறியிருந்தால் அந்த ஒலி முதலில் மோதிய பரப்பு பூச்சும் வெள்ளையும் தரையும். அவற்றில் எதுவும் வண்டியில் ஏறவில்லை. கல்நாடா உண்மை என்றாலும், நாடாவின் மேல்படலத்தை உரித்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்தப் புது ஓக் இன்னொரு வேலையும் செய்கிறது. பச்சை ஓக் காய்வதற்கு அங்குலத்துக்கு ஓராண்டு என்று தச்சர்கள் கணக்குச் சொல்வார்கள். பெரிய கட்டை பல ஆண்டுகள் காய்ந்து, சுருங்கி, வெடித்து, முளைக்கட்டையை நெரித்துச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய மரமும் புது மரமும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டால் இரண்டும் ஒரே அளவில் அசையாது. மாலையில் அடுப்புத் தணியும் நேரத்தில் முனகலும் தட்டலும் கேட்பதில் வியப்பே இல்லை.

எங்கள் பதிவில் கெனிக்ஸ்டன் பண்ணை வீட்டில் நான்கு மணி பத்து நிமிடத்தை ஒட்டி மூன்று தட்டல்கள் இருக்கின்றன. சீரான இடைவெளி. ரவி அதை ஐம்பது தடவையாவது கேட்டிருப்பான். மரம் குளிர்ந்த சத்தமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் எந்தக் கட்டை என்று என்னால் விரல் வைத்துக் காட்டமுடியாது. ஆகவே குறிப்பேட்டில் அதற்கு நேரே "தீரவில்லை" என்று எழுதியிருக்கிறேன். தீராததைத் தீர்ந்ததாக எழுதினால், பேய் என்று எழுதுகிறவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

குளிரும் புகையும் அதிர்வும்

ஹென்ட்ரெர்-அவித் இக்காவ் வீட்டின் மரங்கள் 1508-இல் வெட்டப்பட்டவை. வட வேல்ஸிலிருந்து வந்த வீடு. சன்னலில் கண்ணாடி கிடையாது, மரக்கம்பிகள்தான். நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி இல்லை, புகை கூரை வழியாகக் கசிகிறது. "திடீர்க் குளிர்ப் புள்ளி" என்று இங்கே ஒருவர் எழுதினால் நான் சிரிக்கமாட்டேன், ஆனால் சன்னலைக் காட்டுவேன்.

புகையைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். 1921-இல் வில்மர் என்ற கண் மருத்துவர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். புது வீட்டுக்குப் போனதிலிருந்து காலடி ஓசை, உருவங்கள், நெஞ்சின்மேல் பாரம், தலைவலி, வாடும் செடிகள். காரணம் பழுதான உலையிலிருந்து வீட்டுக்குள் கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு. திறந்த அடுப்பு எரியும் மூடிய அறையில் இரவு முழுக்க உட்கார்ந்து பேய் தேடும் குழுக்கள் மின்காந்த மீட்டருக்கு முன்னால் வாங்கவேண்டிய கருவி கார்பன் மோனாக்சைடு அலாரம். இது உயிர் பற்றிய பேச்சு.

அடுத்தது அதிர்வு. கோவென்ட்ரியில் பொறியாளராக இருந்த விக் டேண்டியின் கதை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆய்வகத்தில் இரவில் தனியாக வேலை செய்தபோது வியர்த்துக் குளிர்ந்து, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைப் பார்த்தார். மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைப் பிடிப்பானில் மாட்டியபோது அது தானாக அதிர்ந்தது. புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸில் நிலையலை (அறைக்குள் இடம் நகராமல் நின்று அதிரும் அலை) எழுப்பிக்கொண்டிருந்தது. காதுக்குக் கேட்காத தாழ்வொலி. 1998-இல் டோனி லாரன்ஸுடன் சேர்ந்து அதைக் கட்டுரையாக்கினார். பிறகு கோவென்ட்ரியின் 14-ஆம் நூற்றாண்டு நிலவறை ஒன்றிலும் அதே அதிர்வெண்ணைக் கண்டார்.

அழகான கதை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. 2009-இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் கிறிஸ்டபர் ஃபிரெஞ்சும் சகாக்களும் 79 பேரை ஒரு வெற்று வட்ட அறைக்குள் ஐம்பது நிமிடம் உலவவிட்டு, சிலருக்குத் தாழ்வொலியும் சிலருக்கு மின்காந்தப் புலமும் சிலருக்கு இரண்டும் சிலருக்கு எதுவுமில்லாமலும் வைத்தார்கள். பலருக்கு விசித்திர உணர்வு வந்தது. ஆனால் எதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதோடு அது பொருந்தவே இல்லை. ஏதாவது நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததே போதுமானதாக இருந்திருக்கலாம் என்று கருதினார்கள்.

இதை மட்டும் வைத்து எல்லாமே எதிர்பார்ப்புதான் என்று நான் சொல்லிவிடலாம். ரீட்-அ-கார் வரிசையும் அதற்கு ஒத்துப்பாடும். ஆனால் ரிச்சர்ட் வைஸ்மன் குழு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் எடின்பரோவின் தெற்குப் பாலத்து நிலவறைகளிலும் செய்த, 2003-இல் வெளியான ஆய்வு குறுக்கே நிற்கிறது. பேய் என்று பெயர் போன நிலவறைகளில், அந்தப் பெயரை முன்பே அறியாதவர்களும் அதிகமாக உணர்ந்தார்கள். அறையின் அளவு, வெளிச்சம் போன்றவை வேலை செய்வதாக அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதாவது பலகை பேசாத இடத்திலும் அறை பேசும். அந்தத் தாழ்ந்த உத்தரமும் இருண்ட மூலையும் வண்டியில் ஏறி வந்துவிடுகின்றன. நான்கு பொருள்களில் சுவருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை இதனால் ஒப்புக்கொள்கிறேன்.

நிலமும் பெயராத வீடும்

நிலத்துக்குப் பங்கு உண்டா? செயின்ட் ஃபேகன்ஸ் நிலத்துக்கும் ரத்தச் சரித்திரம் உண்டு. 1648 மே 8 அன்று இந்த ஊருக்கருகே நாடாளுமன்றப் படை அரசரின் பக்கம் சேர்ந்தவர்களைத் தோற்கடித்தது. ஈலி ஆறு சிவந்து ஓடியதாக ஊர்ப்பேச்சு. ஆகவே இங்கே எந்த வீட்டில் எது கேட்டாலும் விளக்கத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டோடு பொருந்தினால் வீட்டுப் பேய், பொருந்தாவிட்டால் போர்வீரன். எதைச் சொன்னாலும் பொருந்தும் விளக்கத்தால் எதையும் சோதிக்கமுடியாது.

அதனால் வேறு வழியில் கேட்டோம். இந்த வளாகத்தில் எல்லா வீடும் வெளியூர் வீடு அல்ல. லுயின்-அர்-எயோஸ் என்ற பண்ணை வீடு தான் பிறந்த மண்ணிலேயே நிற்கிறது. அந்தத் தகவலை நான் மட்டும் அறிந்திருந்தேன். நாள் முடிவில் மற்ற மூவரிடமும் கேட்டேன்: நாம் போன வீடுகளில் ஒன்று மட்டும் இடம்பெயரவில்லை, எது? வேர் பிடித்த வீட்டுக்கும் பிடுங்கி நட்ட வீட்டுக்கும் வேறுபாடு இருந்தால் உணர்ந்திருக்கவேண்டும் அல்லவா? அக்கா கெனிக்ஸ்டன் என்றார். ரவி தேவாலயம் என்றான். மெர்தர்க்காரர் 1508 வீட்டைச் சொன்னார். மூவரும் தங்களுக்கு மிகப் பழையதாகத் தோன்றியதைச் சொன்னார்கள்.

கெனிக்ஸ்டன்

அக்கா ஏன் கெனிக்ஸ்டனைச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. கவர் தீபகற்பத்தின் லாங்கெனித் ஊரிலிருந்து வந்த, 1610-ஐ ஒட்டி எழுந்த பண்ணை வீடு. 1950-களில் இங்கே நட்டார்கள். வெளிச்சுவர் முழுக்க ஆழ்ந்த சிவப்பு. தீய ஆவிகள் அண்டாமல் காக்கும் நிறம் என்று அந்தக் காலத்தவர் நம்பியதாக அருங்காட்சியகத்தார் சொல்கிறார்கள்.

அக்கா அந்தச் சுவரைப் பார்த்த மாத்திரத்தில், "இது திருஷ்டிக்கு அடிச்ச சிவப்பு" என்றார். பலகையை அவர் இன்னும் படிக்கவில்லை. எங்கள் நாளில் யாரேனும் எதையேனும் சரியாக உணர்ந்த தருணம் என்றால் இது ஒன்றுதான். பூசணிக்காயையும் படிகாரத்தையும் வாசலில் கட்டி வளர்ந்த கண்ணுக்கு, கவர் பண்ணைக்காரரின் பயம் நானூறு ஆண்டு தாண்டி ஒரு நொடியில் எட்டிவிட்டது.

பேய் வந்ததா என்று என்னால் சொல்லமுடியாது. பேய்க்குப் பயந்தவர்களின் கைவேலை வந்திருக்கிறது. அது அளக்கத் தக்கது, படமெடுக்கத் தக்கது, பிற வீடுகளோடு ஒப்பிடத் தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய வீட்டு உத்தரங்களில் மெழுகுவர்த்தியால் சுட்ட தழும்புகளும், கதவோரம் கவராயத்தால் கீறிய பூ வட்டங்களும் ஏராளம். புகைபோக்கிக்குள் ஒளித்துவைத்த பழைய செருப்புகளும் கிடைத்திருக்கின்றன. நார்தாம்டன் அருங்காட்சியகம் அப்படிக் கிடைத்த செருப்புகளுக்கென்றே பதிவேடு வைத்திருக்கிறது. வீட்டைப் பிரிக்கும்போதுதான் இவற்றில் பல வெளிப்படும். கையில் டார்ச்சோடு மூலைமுடுக்கைப் பார்க்கும் பொறுமை பேய் தேடுகிறவர்களுக்குத்தான் அதிகம். அந்தப் பொறுமையை எங்கள் குழு இனி இதற்குச் செலவழிக்கப்போகிறது. டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் தெரியும். முதல் வேலை அதுதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, லான்டைலோ தாலபோன்ட்டுக்குப் போனோம். தேவாலயத்தைப் பெயர்த்த இடம். சதுப்புப் புல், உப்பங்கழி, தொலைவில் நெடுஞ்சாலையின் இரைச்சல். கல்லறைகள் அங்கேயே இருந்தன. கட்டடம் மட்டும்தான் கிளம்பிப் போயிருக்கிறது, அதில் கும்பிட்டவர்கள் யாரும் போகவில்லை. ரவி ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அக்கா குனிந்து ஒரு கல்லின்மேல் படர்ந்த பாசியை விரலால் ஒதுக்கி, தேய்ந்த வெல்ஷ் எழுத்துகளை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.